ஏழாவது ஆள்

செத்துப்போனவரைப் பற்றி முதலில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது மரியாதை. பெரியப்பாவைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அகப்படுமா என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். அகப்படவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை வெயிலில், நானும் அமேயும் சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கினோம். அமே என்றால் பர்மியில் அம்மா. அவள் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த பர்மாக்காரி. அப்பா மயிலாப்பூர்க்காரர். இளவயதில் கப்பலேறிப் போய், ரங்கூனில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் மூவரும் கால்நடையாகக் கிளம்பினோம். மலைப்பாதையில் அப்பாவுக்குக் காலரா கண்டது. இரண்டே நாள். ஒரு மூங்கில் புதரின் ஓரம் அவரைப் படுக்க வைத்து, இலை தழையால் மூடிவிட்டு, பின்னால் வந்தவர்கள் நெருக்கியதால் மேலே நடந்தோம். அடுத்த ஆற்றைக் கடக்கும்போது எங்கள் தகரப் பெட்டி போயிற்று. கல்யாணப் பத்திரம், என் பிறப்புச் சீட்டு, மூவரும் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ, எல்லாம் அதற்குள் இருந்தன. எனக்கு அப்போது பதினெட்டு வயது.

சிட்டகாங் முகாமில் எங்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஒரு நம்பர், எங்கள் இருவர் பெயர், ஒரு முத்திரை. நாங்கள் யார் என்று சொல்ல உலகத்தில் எங்களிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான்.

நாங்கள் வந்த நேரத்தில் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. இங்கேயும் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தைவிட ஏறக் காத்திருந்த கூட்டம் நூறு மடங்கு இருக்கும். மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் தாத்தா வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது, வாசலில் மாட்டுவண்டி நின்றது. பெரியப்பா ட்ரங்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி எங்கே?" என்றார் எங்களைப் பார்த்ததும்.

"வழியிலே போயிட்டார், பெரியப்பா."

அவர் பெட்டி மேலேயே உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அது பொய்யழுகை இல்லை. இதை நான் குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பா இறந்துபோனது அவருக்குத் தெரியும். அன்றைக்கே, என் வாயாலேயே தெரியும்.

அழுது முடித்ததும் அவருக்கு மூளை வேலை செய்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டு பேர் வாசலிலேயே வந்து நிற்கிறார்கள். சாவியை என் கையில் கொடுத்தார். முகாம் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் குடும்பம் நாலு பேர். அவர், பெரியம்மா, கல்யாண வயதில் இருந்த அக்கா, ஒரு கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன். எல்லோரும் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினார்கள்.

அமே தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். "இங்கே குண்டு விழுந்தா?"

"உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றார் பெரியப்பா, வண்டியில் ஏறிக்கொண்டே.

குண்டு விழவில்லை. சில மாதங்களில் அவர்கள் திரும்பி வந்தார்கள். கூடத்தில் படுத்திருந்த நாங்கள் கொல்லைப்புறத்து விறகு அறைக்குப் போனோம். அமே லுங்கி கட்டக்கூடாது, முகத்தில் தனகாப் பட்டைச் சாந்து பூசக்கூடாது, வாசல் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. அக்காதான் தன் பழைய புடவை ஒன்றைக் கொண்டு வந்து, அமேயின் இடுப்பில் கொசுவம் வைத்துச் செருகி, கட்டிக் காட்டினாள். சிரித்துக்கொண்டே நாலு தரம் அவிழ்த்துக் கட்டினாள். அந்த வீட்டில் எங்களைத் தொட்டுப் பேசியவள் அவள் ஒருத்தி.

தாத்தா வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் பொது. அமே ஒருநாள், "இதிலே என் புருஷன் பங்கு?" என்று கேட்டுவிட்டாள். ஒரே ஒரு தரம்தான் கேட்டாள்.

"புருஷனா?" பெரியப்பா குரலை உயர்த்தக்கூட இல்லை. "எந்தக் கோயில்ல தாலி கட்டினான்? யார் சாட்சி? காகிதம் இருக்கா? ரங்கூனுக்குப் போனவன் அத்தனை பேரும் ஒருத்தியை வச்சிக்கிட்டுத்தான் இருந்தான். ஏதோ அவனுக்குப் பொறந்த பொண்ணாச்சேன்னு சோறு போடறேன். அதோட நிறுத்திக்கோ."

பெரியம்மாவும் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமேக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. என்னைப் பார்த்து, "என்ன சொல்றார்?" என்று பர்மியில் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பட்டணத்தில் ரேஷன் வந்தது. வீடு வீடாக ஆள் வந்து, வீட்டுத் தலைவர் நிரப்பிய விண்ணப்பப் பாரத்தை வாங்கிக்கொண்டு போனான். அவன் வந்த அன்று எங்களை விறகு அறையைவிட்டு வெளியே வரவேண்டாம் என்றார் பெரியப்பா. பிறகு கொல்லைக்கு வந்து விளக்கிச் சொன்னார்.

"பர்மாவிலேர்ந்து வந்தவங்களுக்கு ரேஷன் நம்பர் கிடையாது. முதல்ல போலீசில எழுதி வைக்கணும். உங்கம்மா மூஞ்சியைப் பார்த்தா ஜப்பான்காரின்னு உள்ளே தள்ளிடுவான். நானும் சேர்ந்து மாட்டிக்குவேன். சத்தம் போடாம இருங்க."

"முகாம் சீட்டைக் காட்டினா?" என்றேன்.

"அது எங்கேயோ தொலைஞ்சு போச்சு."

அதை நம்பினோம். தெருவில் அமேயைப் பார்த்து "ஜப்பான், ஜப்பான்" என்று கத்தியவர்கள் இருந்ததால் நம்புவது சுலபமாக இருந்தது. நம்பர் இல்லாதவர்களுக்கு எந்தக் கடையிலும் அரிசி இல்லை. ஆகவே நாங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் பெரியப்பா வீட்டார் தங்கள் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுத்தது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. காலையில் கேழ்வரகுக் கஞ்சி. மாலையில் மிச்சம் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் மரவள்ளிக் கிழங்கு. "எங்க வாயைக் கட்டி உங்களுக்குப் போடறோம்" என்று பெரியப்பா வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்வார். அதற்கு ஈடாக அமே அந்த வீட்டுப் பாத்திரம் முழுவதும் தேய்த்தாள். நான் தண்ணீர் இறைத்தேன், துணி துவைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று.

ரேஷன் கடைக்குப் பெரியப்பாவோ அண்ணனோதான் போவார்கள். ஒரு தரம் இருவரும் ஊரில் இல்லாதபோது வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கார்டையும் பையையும் என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கச்சேரி ரோடில் கடை. எடை போடுகிறவன் கார்டைப் புரட்டினான், என் பையைப் பார்த்தான்.

"இன்னாம்மா, ஒரே பை எடுத்தாந்துகீறே? ஏழு பேர் அரிசி இதுல எப்படிப் புடிக்கும்?"

"ஏழா? நாலு பேருக்குத்தானே?"

"எனக்கு இன்னா தெரியும்? கார்டுல ஏழுன்னு கீது. வாரா வாரம் ஏழுக்குத்தான் வாங்கிகினு போறாரு பெரியவரு. சீக்கிரம் சொல்லு, பின்னால ஆளுங்க நிக்கறாங்க பாரு."

முன்றானையிலும் கொஞ்சம் கட்டிக்கொண்டு ஏழு பேர் அரிசியையும் வாங்கினேன். வீடு வரும்வரை எண்ணிக்கொண்டே வந்தேன். அவர்கள் நாலு. நானும் அமேயும் சேர்ந்தால் ஆறு. எங்களுக்கு நம்பர் இருக்கிறது, முதல் நாளிலிருந்தே இருக்கிறது, எங்கள் அரிசியைத்தான் அவர்கள் தின்றிருக்கிறார்கள் என்பது லஸ் மூலை வருவதற்குள் விளங்கிவிட்டது. உடம்பெல்லாம் எரிந்தது. ஏழாவது ஆள் யார் என்பது மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் அமேயை அழைத்துக்கொண்டு தியாகராய நகருக்கு நடந்தேன். எங்கள் பகுதிக்கு ரேஷன் ஆபீஸ் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, ஐம்பது வயதுக்காரர், அமேயை ஏற இறங்கப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஜப்பான் இல்லை சார். பர்மா. இந்த ராஜா ஆட்சியிலேதான் பிறந்தாங்க."

"நான் கேக்கவே இல்லையேம்மா" என்றார் அவர். "உட்காருங்க ரெண்டு பேரும்."

வந்து இரண்டரை வருஷத்தில் எங்களை உட்காரச் சொன்ன முதல் மனிதர். கார்டு நம்பரைச் சொன்னேன். கட்டுக்கட்டாகப் பாரங்கள் வைத்திருந்த அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். அதன் மூலையில் குண்டூசி குத்தி ஒரு சீட்டு இருந்தது. சிட்டகாங் முகாம் சீட்டு. தொலைந்துபோனது.

"சீட்டுல ரெண்டு பேர்தான் இருக்கு. பாரத்துல உங்க தரப்புல மூணு பேர் எழுதியிருக்காரே" என்று அவர் பாரத்தை என் பக்கம் திருப்பினார்.

பெரியப்பாவின் கையெழுத்து அழகாக இருக்கும். ஐந்தாவது வரியில் அப்பா பெயர். உறவு: தம்பி. ஆறாவது வரியில் அமே பெயர். உறவு: தம்பி மனைவி. ஏழாவதில் நான். தம்பி மகள். கீழே, எழுதியது அத்தனையும் உண்மை என்று ஒரு கையொப்பம்.

ஏழாவது ஆள் அப்பா. மூங்கில் புதரோரம் விட்டுவிட்டு வந்த அப்பா, ஒரு வருஷத்துக்கு மேலாக மயிலாப்பூரில் வாரம் தவறாமல் அரிசி தின்றுகொண்டிருந்தார்.

அமேக்குப் பர்மியில் சொன்னேன். அவள் வெகுநேரம் அந்த வரியையே பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். பிறகு கேட்டாள், "வயசு என்ன போட்டிருக்கார்?"

"நாற்பது."

"நாற்பத்திரண்டு" என்றாள் அமே. "தன் தம்பி வயசுகூடத் தெரியலை."

அதிகாரி இரண்டு வழி சொன்னார். பெரியப்பா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் சத்தமில்லாமல் எங்கள் பெயரைப் பிரித்துத் தனிக் கார்டு கொடுத்துவிடலாம். இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து தலை எண்ணி விசாரிக்க வேண்டும்.

"விசாரிக்கட்டும்" என்றேன்.

"வீட்டில எல்லோரும் இருக்கிற நாள் எது?"

"வர்ற வெள்ளிக்கிழமை. காலையில பத்து மணிக்கு."

தெரிந்தேதான் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அடையாற்றிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வாரமாக வீடு அமளிப்பட்டுக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்த்த எங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? வீட்டுக்கு வரும் வழியில், தேனாம்பேட்டைத் தோட்டங்களின் ஓரமாக நடந்தபோது, எனக்குப் பசியே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஜட்கா வண்டியில் அவர்கள் வந்து இறங்கினார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. அக்கா பட்டுப்புடவையில் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொல்லைக் கதவின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து அடித்துக் கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரும் ஒரு பியூனும் உள்ளே வந்தார்கள்.

"இன்னைக்கு விசேஷம் சார், நாளைக்கு வரக்கூடாதா?" என்று பெரியப்பா கெஞ்சும் குரலில் கேட்டார். அந்தக் குரல் அவருக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று இன்ஸ்பெக்டர் பாரத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். ஒவ்வொரு பெயராகப் படித்து, ஆளைப் பார்த்துக் குறி போட்டார். நாலு பேர் முடிந்தது. ஐந்தாவதாக அப்பா பெயரைப் படித்தார்.

"உங்க தம்பி. எங்கே? கூப்பிடுங்க."

"அவன்... வெளியூர் போயிருக்கான்."

நான் கதவைத் திறப்பதற்குள் அமே திறந்துகொண்டு போனாள். அன்று காலை அவள் புடவையைக் கழற்றி எறிந்துவிட்டு லுங்கி கட்டியிருந்தாள். கன்னத்தில் தனகா பூசியிருந்தாள். கூடத்து நிலைப்படியில் நின்று, நிறுத்தி நிறுத்தி, தமிழில் சொன்னாள்.

"அவர் செத்துப் போயாச்சு. மலையிலே. வந்த அன்னைக்கே இவர்கிட்டே சொன்னோம். இவர் அழுதார்."

வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள் காபித் தம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"நீங்க யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அமே பெரியப்பாவையே பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். "தம்பி மனைவின்னு எழுதியிருக்கீங்க. இவங்கதானா? ஆமாவா, இல்லையா? இல்லைன்னா, செத்தவர் ஒருத்தர், சம்பந்தமில்லாதவங்க ரெண்டு பேர், ஆக மூணு ஆள் பொய். எப்படி எழுதிக்கறது?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. தன் வருங்காலச் சம்பந்தி முன்னால், தன் மனைவி மக்கள் முன்னால், அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஆமா. தம்பி சம்சாரம்தான்."

"அந்தப் பொண்ணு?"

"தம்பி மகள்."

"எழுதித் தாங்க" என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். பெரியப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் குனிந்து எழுதியதை நான் இன்றும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் சிவப்பு மைப் பேனாவை எடுத்தார், அப்பா பெயரை அடிப்பதற்கு. "கொஞ்சம் இருங்க" என்றாள் அமே. கிட்டே போய் அந்தப் பெயர் மேல் விரலை வைத்தாள். அவர் காத்திருந்தார். கூடம் முழுவதும் காத்திருந்தது. அவள் விரலை எடுத்ததும் கோடு விழுந்தது. வழியெல்லாம் அழாத அமே அப்போதுதான் அழுதாள். அப்பாவுக்கு நடந்த சடங்கு அது ஒன்றுதான்.

வந்தவர்கள் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். நாலு நாள் கழித்து ஜாதகம் சரியில்லை என்று கடிதம் வந்தது.

அன்று மாலையே அக்கா கிணற்றடிக்கு வந்தாள். பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னு நீதான் சொன்னியா?"

"ஆமா."

"நாங்க வர்றவங்களுக்குப் பாய் விரிச்சிக்கிட்டிருக்கிற நேரம் பார்த்து?"

"ஆமாக்கா."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை.

அடுத்த வாரம் எங்கள் கார்டு வந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அமேயின் பர்மியப் பெயரை அந்த அதிகாரி மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, பிழையில்லாமல் எழுதினார். அமே எண்களை மட்டும் கற்றுக்கொண்டு, தெருவில் நடக்கும்போதுகூட எங்கள் கார்டு நம்பரை முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

நான் அதோடு நிற்கவில்லை. பெரியப்பா எழுதிக் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு, லஸ்ஸில் ஒரு வக்கீலிடம் போனேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன் பெரியப்பன் அரிசிக்கு ஆசைப்பட்டு உங்கம்மாவுக்குக் கல்யாணப் பத்திரமே எழுதிக் குடுத்திருக்கான்" என்றார். நோட்டீஸ் போயிற்று. கோர்ட்டுக்குப் போனால் செத்தவன் பெயரில் அரிசி வாங்கிய கதை வெளியே வரும் என்பதால் பெரியப்பா பணிந்தார். பின்பாதியைத் தருகிறேன் என்றார். முடியாது, வாசல் பாதிதான் வேண்டும் என்றேன். கொடுத்தார். நடுவில் ஒரே ஒரு கதவு விட்டுச் சுவர் எழும்பியது. அவர்கள் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய்வர ஆரம்பித்தார்கள். சந்தில் சாக்கடை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தாண்டிப் போவதை ஜன்னலில் உட்கார்ந்து பார்ப்பேன். சூரக் கருவாட்டை உப்பில் ஊறவைத்து இடித்து, பர்மாவின் நெடியடிக்கும் மீன் விழுதான ஙப்பி மாதிரி ஒன்று செய்ய அமே கற்றுக்கொண்டிருந்தாள். காற்று அவர்கள் பக்கம் அடிக்கிற நாளாகப் பார்த்து அதை வதக்கச் சொல்வேன். அமே வாசலிலேயே உட்கார்ந்து பாண்டி பஜார் கடை ஒன்றுக்கு ரவிக்கைகளில் பூ வேலை செய்து கொடுத்தாள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப் அடிக்கப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. மனைவியை இழந்தவர், அவளைவிட மிகவும் மூத்தவர். எங்களைக் கூப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாயனச் சத்தம் கேட்டது. அன்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வேறொன்றும் செய்யவும் இல்லை.

நாற்பத்தொன்பதில் பெரியப்பா இறந்தார். காலையில் சந்துப் பக்கம் அழுகை கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்கா. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் பார்த்தேன். இளைத்திருந்தாள்.

"சந்து குறுகல். பாடை திரும்பாது" என்றாள். "சுவர்ல இருக்கிற கதவைத் திறந்து விட்டா உங்க வாசல் வழியா எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்."

அந்தக் கதவுக்கு எங்கள் பக்கம்தான் தாழ்ப்பாள். நாலு வருஷமாகத் திறந்ததில்லை.

"முடியாது" என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கெஞ்சவும் இல்லை, போகவும் இல்லை. அமே தையலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய்த் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தேன்.

"உனக்காகத் திறக்கறேன்க்கா. அவருக்காக இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றாள் அவள்.

அமே முக்காடு போட்டுக்கொண்டு அவர்களோடு போய் நின்றாள். நான் போகவில்லை. சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும்வரை யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். நான் கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டு விசிறினேன். எங்கள் கார்டுக்கு வாங்கிய அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அவரை எங்கள் கூடத்தின் வழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது.